கிருஷ்ணகிரியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை: தொலைவும் பயண நேரமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவேரிப்பட்டணத்தில் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, மகள் சான் பிரான்சிஸ்கோ பக்கம் குடியேறிய பிறகு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாக அமெரிக்கா கிளம்பும் பெற்றோர், கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பயணச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், சீட்டில் உள்ள நேரம் எந்த ஊர் நேரம் என்பவையே பெரும்பாலும் அவர்களுடைய கேள்விகள். அவற்றையும், அவர்களிடம் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெங்களூரு விமான நிலையத்துக்கும் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு?

வான்வழியாக அளந்தால் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே பூமியில் எந்த இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழி 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது. அந்த உச்ச வரம்பில் பத்தில் ஏழு பங்கை இந்த ஒரே பயணம் எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தால், அதன் நீளம் ஓரளவு பிடிபடும்.

ஒரு இணையதளத்தில் 14,000 என்றும், மற்றொன்றில் 8,700 என்றும், வேறொன்றில் 7,550 என்றும் போட்டிருக்கிறதே?

மூன்றும் சரிதான், அலகுதான் வேறு. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

கடல் மைல் என்னும் அளவின் அழகு, அது பூமியின் வளைவிலிருந்தே பிறந்தது என்பதில் இருக்கிறது. வளைவில் ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால், ஒரு கலையின் நீளமே ஒரு கடல் மைல். பெங்களூரு விமான நிலையம் 13.2 பாகை வட அட்சத்திலும் 77.7 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் 37.6 பாகை வட அட்சத்திலும் 122.4 பாகை மேற்குத் தீர்க்கத்திலும் இருக்கிறது. கோளத்தின் மையத்திலிருந்து பார்த்தால் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோணம் ஏறக்குறைய 125.8 பாகை. அதை 60 ஆல் பெருக்கினால் 7,548 கடல் மைல் வரும், அதை 1.852 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 13,980 கிலோமீட்டர். தளத்துக்குத் தளம் பத்து இருபது கிலோமீட்டர் மாறுவதற்குக் காரணம், சிலர் பூமியை முழு உருண்டையாகவும் சிலர் துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் வைத்துக் கணக்கிடுவதே. பூமத்திய ரேகையில் பூமியின் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. பயணம் போகிறவர் அந்தப் பத்து கிலோமீட்டரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

வரைபடத்தில் அமெரிக்கா இடப்பக்கம் இருக்கிறது. விமானம் ஏன் வடக்கே போகிறது?

இதை என்னிடம் முதலில் கேட்டவர் எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா. “வாத்தியாரே, என் பையன் அனுப்பின படத்துல பிளேனு நேரா பனிக்கட்டிப் பக்கம் போவுது, வழி தப்பிடுச்சா?” என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நான் நடத்திய பாடத்தை ஒரே வரியில் கேட்டுவிட்டார். அவருடைய கூடையிலிருந்த பூ கட்டும் நூலையே வாங்கி, வீட்டிலிருந்த 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டையில் அளந்து காட்டினேன்.

நூலின் ஒரு முனையைப் பெங்களூரில் வைத்து, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து, தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே வடக்கே ஏறிவிடும். நேபாளம், திபெத், மங்கோலியாவின் மேற்கு ஓரம், சைபீரியா ஆகியவற்றைக் கடந்து, ரஷ்யாவின் வடகிழக்கே ஆர்க்டிக் கடலில் சுமார் 71 பாகை அட்சம் வரை போய், அங்கிருந்து அலாஸ்கா வழியாக இறங்கி, அமெரிக்காவின் மேற்குக் கரையை அது அடைகிறது. அந்த உருண்டையில் நூலின் நீளம் ஏறக்குறைய 33 செ.மீ. அதே நூலை, சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கிழக்கு நோக்கிக் கோடு போட்டால் எந்தெந்த இடங்கள் வழியாகப் போகுமோ அந்த இடங்கள் வழியாகவே, சீனாவையும் பசிபிக் பெருங்கடலையும் குறுக்கே கடந்து வைத்துப் பார்த்தோம், 38 செ.மீ. தேவைப்பட்டது. நிஜ பூமியில் அது 16,000 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். நேர்கோடு போலத் தெரியும் வழிதான் 2,000 கிலோமீட்டர் சுற்று வழி.

வழி தப்பியது விமானம் அல்ல, சுவர் வரைபடம்தான். உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது துருவத்தை ஒட்டிய பகுதிகள் பக்கவாட்டில் இழுபட்டு விடுகின்றன. அதனால் அங்கே குறுகிய வழி நீண்டதாகத் தெரிகிறது. பள்ளிச் சுவர்களில் அந்த வரைபடம் மட்டும் தொங்குவதும், உருண்டை பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதும் எனக்கு எப்போதுமே உள்ள குறை.

அப்படியென்றால் விமானம் அந்த நூல் போன வழியிலேயே பறக்கிறதா?

இல்லை. நூலுக்கு மலையும் கிடையாது, எல்லையும் கிடையாது. திபெத்தின் நிலமே மிக உயரத்தில் இருக்கிறது. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், விமானி உடனடியாகச் சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். திபெத்தின் மேல் அவ்வளவு தாழ்வாக இறங்க இடமே இல்லை. எனவே பயணிகள் விமானங்கள் பொதுவாக அந்தப் பீடபூமியின் நடுவே செல்லாமல் விலகிப் போகின்றன.

அடுத்தது அரசியல். 2022 முதல் அமெரிக்க நிறுவனங்களின் விமானங்கள் ரஷ்யாவின் வான்வெளியில் பறப்பதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. இப்படிப்பட்ட ஒவ்வொரு தடையும் வழியை வளைக்கிறது. மூன்றாவது காற்று, அதைத் தனியாகச் சொல்கிறேன். இவை எல்லாம் சேர்ந்து, விமானம் உண்மையில் பறக்கும் தொலைவு 14,000 கிலோமீட்டரை விடச் சில நூறு கிலோமீட்டர் கூடலாம், சில நாட்களில் ஆயிரத்துக்கு மேலும் கூடலாம்.

இந்த வழிக்கு ஒரு வரலாறும் உண்டு. 2021 ஜனவரி 9 அன்று இரவு, கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானிகள் அனைவரும் பெண்களாகவே இருந்த ஏர் இந்தியா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, வட துருவத்தின் மேலே பறந்து, 17 மணி நேரத்துக்கும் மேல் பயணித்து, 11-ஆம் தேதி அதிகாலை 3 மணி அளவில் பெங்களூரில் இறங்கியது. இரு நகரங்களையும் இணைத்த அந்த நிறுவனத்தின் முதல் நேரடி விமானம் அது. சேவை இடையில் நிறுத்தப்பட்டு, பின்னர் மீண்டும் தொடங்கப்பட்டது. ஆகவே நேரடி விமானம் இருக்கும் என்று நம்பி எதையும் திட்டமிடாமல், நீங்கள் போகும் மாதத்துக்கான அட்டவணையைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

நேரடி விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்? போகும்போதும் வரும்போதும் ஒன்றுதானா?

போகும்போது 16 முதல் 17 மணி நேரம், திரும்பும்போது 17 மணி நேரத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

விமானம் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சப் பகுதிகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு போல ஓடுகிறது. ஜெட் ஓட்டம் என்று அதைச் சொல்வார்கள். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். கிழக்கு நோக்கிப் பசிபிக் மேல் போகும் விமானத்துக்கு அது பின்னாலிருந்து தள்ளும் காற்று. திரும்பும் விமானத்துக்கு எதிர்க்காற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்றும், வழி முழுவதும் சராசரியாக 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று உதவுகிறது என்றும் கொண்டால், 14,000 கிலோமீட்டரைக் கடக்க 14 மணி 45 நிமிடம் ஆகும். அதே காற்று எதிர்த்தால் 16 மணி 30 நிமிடம் ஆகும். தொலைவு ஒரு கிலோமீட்டர் கூட மாறாமலேயே ஒன்றே முக்கால் மணி நேரம் மாறிவிட்டது. இதனால்தான் விமானிகள் திரும்பும்போது அந்தக் காற்று ஓட்டத்தைத் தவிர்க்க, தொலைவு கூடினாலும் பரவாயில்லை என்று துருவத்தை ஒட்டிய வழியை எடுக்கிறார்கள். மேலே ஏறுவது, இறங்குவது, ஓடுபாதை வரை ஊர்ந்து போவது எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே. அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை 4.30-க்கு இறங்குவதாகச் சீட்டில் உள்ளது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நமக்கு 13 மணி 30 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. திங்கள் பிற்பகல் 2 மணிக்குப் புறப்பட்டு 16 மணி நேரம் பறந்தால், கிருஷ்ணகிரி கடிகாரத்தில் அது செவ்வாய் காலை 6 மணி. அதில் பதிமூன்றரை மணி நேரத்தைக் கழித்தால் அங்கே திங்கள் மாலை 4.30.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. சனிக்கிழமை இரவு 8.30-க்கு அங்கே ஏறினால், நம் ஊரில் அப்போதே ஞாயிறு காலை 10 மணி ஆகியிருக்கும். 17 மணி நேரம் கழித்து இறங்கும்போது திங்கள் அதிகாலை 3 மணி. அந்த வார ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆகாயத்திலேயே கழிந்துவிடும். அழைத்துவரக் கார் சொல்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டு ஊரிலிருந்து கிளம்ப வேண்டும். திங்கள் இரவு என்று எண்ணிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு மகனை எனக்குத் தெரியும்.

கோடையில் நேர வித்தியாசம் மாறுமா?

மாறும். அங்கே மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு மீண்டும் பின்னே நகர்த்துவார்கள். அந்த இடைப்பட்ட மாதங்களில் வித்தியாசம் 12 மணி 30 நிமிடம்தான்.

துபாய், சிங்கப்பூர், பிராங்க்பர்ட் வழியாகப் போனால் எவ்வளவு கூடுதல்?

தொலைவில் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே கூடும். பெங்களூரிலிருந்து துபாய் சுமார் 2,700 கி.மீ., அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,000 கி.மீ.; மொத்தம் 15,700. பிராங்க்பர்ட் வழியாக 7,400-உம் 9,150-உம் சேர்ந்து ஏறக்குறைய 16,550. சிங்கப்பூர் வழியாக 3,200-உம் 13,600-உம் சேர்ந்து 16,800. இவற்றில் மிகக் குறுகியது ஹாங்காங் வழி. 4,000-உம் 11,100-உம் சேர்ந்து ஏறத்தாழ 15,100-தான் வருகிறது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. துபாய்தானே பக்கம் என்பார்கள். துபாய் நமக்குப் பக்கம், சான் பிரான்சிஸ்கோவுக்கு அல்ல.

ஆக, பறக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம்தான் கூடுகிறது. பயணத்தை 22 மணி நேரமாகவோ 30 மணி நேரமாகவோ ஆக்குவது, இடையில் காத்திருக்கும் நேரம். சீட்டு வாங்கும்போது மொத்த நேரத்தைப் பார்ப்பதைவிட அந்த இடைவெளியைப் பாருங்கள். அது மிகக் குறைவாக இருப்பதும் ஆபத்து. எங்களுக்கு முதன்முறை சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர், வளைகுடா நகரம் ஒன்றில் ஒரு மணி பத்து நிமிட இடைவெளி வைத்து, “சீக்கிரம் போய்ச் சேரலாம் சார்” என்று பெருமையாகச் சொன்னார். பெங்களூரில் விமானம் நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. நானும் என் மனைவியும் அடுத்த விமானத்தின் வாசலை அடைந்தபோது கதவு மூடியிருந்தது. மறுநாள் விமானத்துக்காகப் பதினெட்டு மணி நேரம் காத்திருந்தோம். வயதானவர்கள், குறிப்பாகச் சக்கர நாற்காலி கேட்டிருப்பவர்கள், மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் எவ்வளவு தூரம்? எப்போது கிளம்ப வேண்டும்?

சாலை வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து வருபவர்கள் இன்னும் 45 முதல் 50 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். பறவை பறப்பது போல நேராக அளந்தால் கிருஷ்ணகிரிக்கும் அந்த நிலையத்துக்கும் 92 கிலோமீட்டர்தான்.

14,000 கிலோமீட்டர் பயணத்தில் எந்தப் பகுதியின் நேரத்தைக் கணிக்கவே முடியாது என்று கேட்டால், இந்த முதல் 130 கிலோமீட்டரைத்தான் சொல்வேன். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டி, சூளகிரி, ஓசூர் வரை நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அத்திப்பள்ளிக்குப் பிறகுதான் சோதனை. விமான நிலையம் பெங்களூரின் வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. நாமோ தெற்கிலிருந்து போகிறோம். சில்க் போர்டு, ஹெப்பாள் என்று நகரத்தை முழுவதுமாகக் கடக்க வேண்டும். அதிகாலை 3 மணிக்கு இரண்டரை மணி நேரத்தில் முடிகிற வழி, மாலை 6 மணிக்கு ஐந்து மணி நேரம் கூட எடுக்கும். நகரத்துக்குள் போக விரும்பாதவர்கள் அத்திப்பள்ளியில் பிரிந்து, சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டை வழியாகத் தேவனஹள்ளிக்குப் போகிறார்கள். லாரிகள் அதிகம் என்றாலும், மாலை நேரத்தில் நான் அந்த வழியைத்தான் சொல்வேன்.

நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பன்னாட்டு விமானங்கள் 2023 செப்டம்பர் முதல் இரண்டாவது முனையத்திலிருந்து இயங்குகின்றன. ஓட்டுநரிடம் முனையத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பகல் நேர விமானம் என்றால் புறப்படுவதற்கு எட்டு மணி நேரம் முன்பாகவும், நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானம் என்றால் ஏழு மணி நேரம் முன்பாகவும் கிருஷ்ணகிரியை விட்டுக் கிளம்பினால் பதற்றம் இருக்காது.

சென்னையிலிருந்து போவது நல்லதா?

சென்னை விமான நிலையம் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெங்களூரைவிட ஏறத்தாழ 70 கிலோமீட்டர் பக்கம். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நிலையம் சுமார் 255 கிலோமீட்டர். கட்டணம் மிகக் குறைவாகக் கிடைத்தாலொழிய அதற்குக் காரணம் இல்லை.

ஓசூரில் விமான நிலையம் வந்தால் தொலைவு குறையுமா?

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரு நிலையத்துக்கான ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டர் தொலைவுக்குள் 2033 வரை புதிய பன்னாட்டு நிலையம் வருவதைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்று இருக்கிறது. ஓசூர் நிலையம் அமைந்தாலும் வான்வழித் தொலைவில் சொல்லத்தக்க மாற்றம் இராது. நமக்கு மிச்சமாவது சாலை நேரம். ஐம்பது கிலோமீட்டரில் நிலையம் என்றால் அது சிறிய விஷயம் அல்ல.

வீட்டு வாசலிலிருந்து மகன் வீட்டு வாசல் வரை மொத்தம் எவ்வளவு நேரம்?

நேரடி விமானத்தில்கூட 25 முதல் 27 மணி நேரம். ஓரிடத்தில் மாறிப் போனால் 32 மணி நேரமும் அதற்கு மேலும். அங்கே இறங்கியபின் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். நம் ஊர் மாம்பழத்தைப் பையில் கொண்டுபோனால் அது பறிமுதலாகும், நேரமும் போகும். விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருப்பதால், சான் ஹோசே, பிரீமாண்ட் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு அது வசதியே.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையை எந்த நேரப்படி சாப்பிடுவது?

விமானத்தில் இருக்கும் வரை ஊர்க் கடிகாரத்தை மாற்றாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது அதில்தான் தெரியும். இன்சுலின் போடுபவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் சீட்டைக் காட்டி, எப்போது எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பகலும் இரவும் தலைகீழாவதால் தூக்கம் ஒழுங்காக ஒரு வாரம், சிலருக்குப் பத்து நாட்கள் ஆகும்.

இங்கிருந்து தொலைபேசியில் பேச அங்கே என்ன நேரம் என்று எளிதாகக் கண்டுபிடிப்பது எப்படி?

கோடையில், நம் நேரத்தில் காலையை இரவாகவும் மாலையைக் காலையாகவும் மாற்றி, அரை மணி நேரம் கழியுங்கள். குளிர்காலத்தில் அதேபோல் மாற்றி, ஒன்றரை மணி நேரம் கழியுங்கள். இங்கே மாலை 6 மணி என்றால் அங்கே கோடையில் அதிகாலை 5.30, குளிர்காலத்தில் 4.30, அந்த நேரத்தில் அழைத்து யாரையும் எழுப்ப வேண்டாம். இங்கே காலை 9 மணி என்றால் அங்கே கோடையில் முந்தைய நாள் இரவு 8.30, குளிர்காலத்தில் 7.30. பேரப்பிள்ளைகள் சாப்பிட உட்காரும் நேரம் அது. பூ விற்கும் அம்மாவும் காலைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்போதுதான் பேசுகிறார்.